வீட்டு எழுத்து இல்லாமல் டின் போகாது

“மிக்கேலம்மா காலையில தவறிட்டாக.” தொலைபேசியில் ஒரு பெண்குரல் இப்படிச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, “எந்த மிக்கேலம்மா?” என்பதுதான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் தூத்துக்குடிக் கடற்கரையில் தெருவுக்கு மூன்று மிக்கேலம்மாக்கள் உண்டு. எங்கள் கம்பெனிக்கு வந்து போகிறவர்களில் மட்டும் நான்கு பேர். மறுமுனையில் அந்தப் பெண், “டின்னு தைக்கிற மிக்கேலம்மா, சார்” என்றாள்.

அது நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. ஆபீஸ் பரணில் இந்த வருஷத்துக்கான பிஸ்கட் டின்கள் கழுவிக் காயவைத்துத் தயாராக இருந்தன. முந்தின நாள் சாயங்காலம் புறப்படும்போதுகூட அவர் என்னிடம், “தம்பி, நாளைக்கி வாரப்ப ரெண்டு கோணி ஊசி வாங்கிட்டு வா. போன வருசம் நீ ஒடிச்சதுக்குப் பதிலா” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஊசி என் சட்டைப்பையில் இருந்தது. மாரடைப்பு என்றார்கள். காலைப் பூசைக்குப் புறப்பட்டவர் வாசற்படியில் உட்கார்ந்தாராம், அவ்வளவுதானாம். யாரையும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்கவில்லையாம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிக்கேலம்மாள் அக்கா எங்கள் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தவர். வெளியே போகும் கடிதம் ஒவ்வொன்றும் அவர் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். முகவரியில் ஒரு புள்ளி குறைந்தாலும் கடிதம் எழுதியவர் மேஜைக்கே திரும்பி வரும். மானேஜர் எழுதியதானாலும் வரும். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட ஒரு கணக்கரிடம், “ஒம்மள மாதிரி ஒருத்தரு பொண்ணு கேட்டு வந்தாரு, அதான்” என்று சொன்னாராம். நான் நாசரேத்துக்காரன், புராட்டஸ்டண்டு சபைக்காரன். அவர் கத்தோலிக்கர். வேலையில் சேர்ந்த முதல் நாளே, “ஒங்க கோயில்ல மாதா சுரூபமும் கெடையாது, மெழுகுதிரியும் கெடையாது. பொறவு அங்கன போயி என்னத்தப் பாத்துக்கிட்டு நிப்பீக?” என்று கேட்டுத்தான் என்னோடு பேச ஆரம்பித்தார். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப்பின் எங்கே தொட்டால் எனக்குப் பொங்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

டின் விவகாரம் எழுபதாம் வருஷம் தொடங்கியது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டும் கப்ரியேலின் மனைவி ஒரு மத்தியானம் பொட்டலமும் கையுமாக ஆபீசுக்கு வந்தார். பொட்டலத்துக்கு முன்னால் நெத்திலிக் கருவாட்டு வாசம் வந்தது. “சார், ஆப்போவுக்குப் போற கப்பலு எப்போ?” என்று கேட்டார். எந்தத் துறைமுகம் என்று தெரியாமல் நாங்கள் சுவரிலிருந்த உலகப்படத்தைப் பார்த்தோம். ஆப்பிரிக்காவா என்று ஒருவர் கேட்டார். அந்த அம்மாள் முந்தானையில் முடிந்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். பட்டாளத்தில் சேர்ந்திருந்த அவருடைய மகன் சேவியர் எழுதிய கடிதம் அது. முகவரியில் ‘ஐம்பத்தாறு ஏ.பி.ஓ.’ என்று இருந்தது. எல்லையில் நிற்கிறவர்களுக்கு ஊர்ப்பெயர் போடாமல் தபால் சேர்ப்பதற்கான குறி அது. இந்த அம்மாள் அதை ‘ஆப்போ’ என்று ஓர் ஊராக எண்ணிக்கொண்டு, “என் மவன் ஆப்போவுல இருக்கான்” என்று மூன்று மாதமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஆபீசே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. “ஏளா, இங்கன வந்து உக்காரு. ஆப்போ ஊரு இல்ல. ஒன் மவன் நிக்கிற எடத்த வெளிய சொல்லக் கூடாது, அதுக்காகப் போடுத பேரு. கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், தபால்ல போயிரும். ஆனா கருவாட்ட எடுத்துரு. போய்ச் சேருததுக்குள்ள மூட்டையில உள்ள எல்லாத் தபாலும் நாறிப் போவும்” என்றார். அன்று மாலை அவரே ஒரு பிஸ்கட் டின்னில் மக்ரூனும் முந்திரிக்கொத்தும் நிரப்பி, காடாத் துணி சுற்றித் தைத்து, அரக்கு வைத்து அனுப்பினார். மக்ரூன் போகிற வழியில் மாவாகிப்போனதும், அதை அந்தப் பட்டாளமே டீயில் கலந்து குடித்ததும் பிறகு வந்த கடிதத்தில் தெரிந்தது.

அதே வாரம் லீவில் ஊர் வந்திருந்த ஒரு பட்டாளத்துக்காரரிடம் அக்கா விசாரித்திருக்கிறார், அங்கே கிறிஸ்மஸ் எப்படி இருக்கும் என்று. அவர் சொன்னாராம்: “தபால் மூட்டைய அவுத்துப் பேர் பேராக் கூப்பிடுவாக மாமி. எனக்கு எழுத ஆளில்ல, என் பேரு வராதுன்னு தெரியும். அதனால அந்நேரம் மட்டும் பூட்ஸ் கயித்த அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டே இருப்பேன்.” இதை எங்களிடம் சொன்னபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே கோபமும் வந்துவிட்டது. “நாம இங்கன முட்ட முட்டத் தின்னுட்டு ஏப்பம் விடுதோம். அங்கன ஒருத்தன் கயித்தக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்கான். நல்லாருக்கா இது?” என்று என்னமோ நாங்கள்தான் அவரை அங்கே அனுப்பியதுபோலக் கேட்டார்.

அடுத்த கிறிஸ்மசுக்கு ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. ஆத்தூரிலிருந்து ஓட்டப்பிடாரம் வரை, பட்டாளத்துக்குப் போன பிள்ளை உள்ள வீடுகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸிலும் நடந்தும் போய்த் தேடி எழுதினார். எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லையே என்று நான் கேட்டேன். “குளிருல நடுங்குததுக்கு ஞானஸ்நானச் சீட்டா கேக்காக?” என்றார். ஆபீசில் மற்றவர்கள் என்னைத்தான் கேலி செய்தார்கள். எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதற்குக் காயுது என்றார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இருந்தும் கோணி ஊசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், அவரிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால்.

அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வீட்டு எழுத்து இல்லாமல் டின் போகாது. “பலகாரம் யாரு வேணும்னாலும் குடுக்கலாம் தம்பி. கடையிலயும் கெடைக்கும். எழுத்து அவன் வீட்டுலேர்ந்துதான் வரணும்” என்பார். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல அவரே எழுதுவார். அதில் ஒரு வார்த்தை கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். கடிதத்தில் பெயரும் போடமாட்டார். “வீட்டுல பேரும் இனிசியலுமா போட்டுப் பேசிக்கிடுதோம்? அப்பான்னா அப்பா, அம்மான்னா அம்மா” என்பது அவர் கட்சி. மடித்த கடிதத்தின்மேல் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி, பிள்ளையின் பெயரையும் அந்த வீட்டின் பட்டப்பெயரையும் மட்டும் அதில் குறிப்பார்; டின்னுக்குள் வைக்கும்போது சீட்டை எடுத்துவிடுவார். கடற்கரையில் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் உண்டு. சேவியர்களும் அந்தோணிகளும் மலிந்துகிடக்கிற இடத்தில் அதில்லாமல் ஆளை அடையாளம் காண முடியாது. ஆனால் நாசரேத்துக்காரனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அங்கேதான் வந்தது வினை.

திரேஸ்புரத்தில் தொம்மை என்று ஒருவர். சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். மனைவி இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம், பாளையங்கோட்டைக்குப் போய்வருகிறேன் என்று புறப்பட்ட அவருடைய ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அவன் பெயரும் சேவியர்தான். அதற்குப்பின் தொம்மை அவன் பெயரை வாயால் சொல்லவில்லை. அவன் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே கடலுக்குப் போயின. அக்கா போய்க் கேட்டபோது அவர் சொன்னது இது: “பொண்டாட்டியும் போனா, மவனும் போனான். ரெண்டு பேருமே சொல்லாமத்தான் போனாக. அவளுக்காவது சாவு வந்துச்சு, இவனுக்கு என்ன வந்துச்சு?” அந்த வீட்டில் எழுத்துக் கொடுக்க வேறு ஆள் இல்லை. தகப்பன் மட்டும்தான்.

எழுபத்தொன்றாம் வருஷ நவம்பரில், டின்கள் போகவேண்டிய கடைசி நாளும் வந்துவிட்டது. எல்லா டின்னிலும் கடிதம் இருந்தது, தொம்மை மகனுடையதில் மட்டும் இல்லை. அக்கா நான்காவது தடவையாகத் திரேஸ்புரத்துக்குப் புறப்பட்டார். “நான் வாரதுக்குள்ள மத்ததத் தச்சு வை. எழுத்து இல்லாததத் தைக்காத” என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்குத் தபால் கட்டவேண்டும். மூன்றே முக்கால் ஆயிற்று, அவரைக் காணோம். அப்போதுதான் அவருடைய மேஜையில், எடைக்கல்லுக்குக் கீழே ஒரு கடிதம் இருப்பதைப் பார்த்தேன். மேலே செருகியிருந்த சீட்டில் ‘சேவியர், சுக்கான் வீடு’ என்று இருந்தது. சுக்கான் என்றால் என்ன? வள்ளத்தைத் திருப்புவது. வள்ளம் வைத்திருக்கிற சேவியர் வீடு எது? தொம்மை வீடு. அடடா, எப்பேர்ப்பட்ட மூளை! சீட்டை எடுத்துவிட்டுக் கடிதத்தை உள்ளே வைத்தேன், தைத்தேன், அரக்கு வைத்தேன், அனுப்பியும் விட்டேன். ஒரு டின்னும் தங்காமல் புறப்பட்டுப் போனதில் எனக்கு ஏகப் பெருமை.

ஐந்து மணிக்கு அக்கா வெயிலில் வதங்கிய முகத்தோடு வந்தார். தொம்மை பேசவே இல்லையாம். “அந்த ஒரு டின்ன எடுத்து வை தம்பி, பொங்கலுக்காவது அனுப்புவோம்” என்றார். “அதையும் அனுப்பிட்டேன் அக்கா, லெட்டர வச்சுத்தான்” என்றேன். எந்த லெட்டர் என்று கேட்டார். சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சுக்கான் வீடு என்பது விஞ்சு ஓட்டும் கப்ரியேலின் வீடாம். அவருடைய பாட்டனார் அந்தக் காலத்துத் தோணியில் சுக்கான் பிடித்தவராம். கப்ரியேல் வீட்டு டின்னில் தாயின் கடிதம் ஏற்கெனவே இருந்தது. இது தகப்பன் கடைசி நாளில், வேலைக்கு நடுவில் ஓடிவந்து சொல்லி எழுதவைத்த இரண்டாவது கடிதம். அதனால்தான் டின் எதிலும் குறை தெரியவில்லை. அக்கா எழுந்து தபாலாபீசுக்கு ஓடினார். மூட்டை ரயிலேறிவிட்டிருந்தது.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்பதை அக்கா எனக்கு ஒப்பித்தார். அவர் எழுதியது எதுவும் அவருக்கு மறக்காது. “மவனே, நீ போனதுலேர்ந்து நான் ஒனக்கு ஒரு வார்த்த எழுதல. கோவம்னு நெனச்சிராத. என்ன சொல்லன்னு தெரியல. கிறிஸ்மஸ் அன்னைக்கி ஒனக்கும் ஒரு எல போட்டுத்தான் சாப்பிடுவோம். ஒடம்பப் பாத்துக்கோ. வந்து சேரு. இப்படிக்கு, அப்பா.” வேறு எந்தக் கடிதம் மாறியிருந்தாலும் படித்த உடனே தெரிந்திருக்கும். இது அந்தப் பையனுக்கென்றே எழுதியதுபோல இருந்தது.

சில நாட்களில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. ஆபீசில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நின்றோம். அக்கா மட்டும் தன் நாற்காலியை விட்டு எழுந்துவரமாட்டார். சத்தத்தைக் கூட்டி வையுங்கள் என்று மட்டும் சொல்வார். சண்டை முடிந்து, கிறிஸ்மசும் போய், ஜனவரியில் ஒரு டின் திரும்பி வந்தது. ஓட்டப்பிடாரத்துப் பக்கத்துப் பிள்ளை ஒருவனுடையது. பெறுவதற்கு அவன் இல்லை. அக்காவும் நானும் அதைக் கொண்டுபோய்ப் பெற்றவளிடம் கொடுத்தோம். அந்தத் தாய் துணியைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் புறப்படும்போது, “நான் சொன்னத அவன் படிக்கல, இல்லையா?” என்று கேட்டார். “இல்லம்மா” என்றார் அக்கா. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் அழுதார். நானும் அழுதேன்.

அதற்கு மறுவாரம் தொம்மை மகனின் பதில், அப்பாவுக்கு என்று போட்டு அக்காவின் முகவரிக்கு வந்தது. “அப்பா, சண்டை தொடங்க ரெண்டு நாள் முந்தி உங்க லெட்டர் கெடச்சது. சட்டைப் பையிலேயே வச்சிருந்தேன். நான் நல்லா இருக்கேன். சொல்லாம வந்தது தப்பு. அம்மா இல்லாத வீட்டுல உங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. ஈஸ்டருக்கு முந்தி, தபசு காலத்துல லீவு கெடைக்கும். நான் வீட்டுக்கு வரலாமா? ஒரு வரி எழுதுங்க.”

நடந்ததை அவனுக்கே எழுதி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றேன் நான். “ஏலே, சண்டையிலேர்ந்து உசுரோட வந்தவன்கிட்ட ஒங்க அப்பா எழுதலன்னு நீ எழுதுவியா?” என்றார். சரி, தகப்பன் எழுதுவதுபோல நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள் என்றேன். அதற்கு முறைத்த முறைப்பை இன்னும் மறக்கவில்லை. “மொதத் தடவ நடந்தது தப்பு. இப்ப எழுதுனா அது பொய்யி. அவரு வாயாலதான் வரணும். வரவைக்கிறேன்” என்றார். பிடித்தால் உடும்புப்பிடி.

அன்றே ஆபீஸ் விட்டதும் திரேஸ்புரம் போனோம். தொம்மை கரையில் வள்ளத்தைச் சாய்த்துப்போட்டு, பலகை இடுக்கில் பஞ்சு வைத்து உளியால் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா நடந்த தப்பை ஒளிக்காமல் சொன்னார். “தப்பு எங்க ஆபீசுத் தப்பு அண்ணாச்சி” என்றார், என் பெயரைச் சொல்லவில்லை. தொம்மை தலையைத் தூக்காமல், “நான் எழுதல. எழுதாததுக்குப் பதில் வந்தா எனக்கென்ன?” என்றார். அக்கா கடிதத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். தொம்மை ஓங்கி ஓங்கி அடித்தார். அடிக்கும்போது அக்கா நிறுத்துவார், அடி நின்றதும் விட்ட இடத்திலிருந்து வாசிப்பார். கடிதம் முடிந்ததும், “நாளைக்கி வாரேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்கெல்லாம் கடிதம் மனப்பாடமாகிவிட்டது. நான்காம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. “வேய், ஓட்டப்பிடாரத்துல ஒரு தாய்க்கு டின்னு திரும்பி வந்துருக்கு. ஒமக்குப் பதிலு வந்துருக்கு. அதோட அருமை ஒமக்குத் தெரியலயா?” என்று கத்திவிட்டேன். தொம்மையின் உளி நின்றது. ஆனால் அக்கா என்னைப் பார்த்துத்தான் சீறினார். “அடுத்தவ துக்கத்த எடுத்து ஒரு ஆள அடிக்கக் கூடாது தம்பி. அது ஒன்னோடதில்ல” என்றார். கரையில் அத்தனை பேர் முன்னால் எனக்கு அவமானமாக இருந்தது. அவர் சொன்னது சரி என்று வீட்டுக்குப் போய் நெடுநேரம் கழித்துத்தான் தோன்றியது.

ஐந்தாம் நாள் அக்கா கடிதத்தைப் பிரிக்கும்போதே தொம்மை உளியைக் கீழே வைத்தார். கொஞ்சநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்த லெட்டர்ல நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார்.

அக்கா அதை ஒப்பித்திருக்கலாம். ஒப்பிக்கவில்லை. “சொன்னவரையே கூட்டியாரேன்” என்று சொல்லி, கப்ரியேலைத் துறைமுகத்திலிருந்து வரவழைத்தார். கிரீஸ் படிந்த கையோடு வந்த கப்ரியேல், கூச்சப்பட்டுக்கொண்டே தன் மகனுக்குச் சொன்னதையெல்லாம் தொம்மையைப் பார்த்துச் சொன்னார். தொம்மை தலையை ஆட்டினார். “நல்லாத்தான் சொல்லியிருக்கேரு. ஆனா எல போட்டுச் சாப்பிடுவோம்னு சொல்லியிருக்கே, நான் போடலயே. அன்னைக்கி நான் அடுப்பே பத்தவைக்கல” என்றார். “இன்னைக்கிப் போடும்” என்றார் அக்கா. பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு வள்ளத்தின் மேலேயே தாளை விரித்தார். தொம்மை சொன்னது இரண்டே வார்த்தை. “ஏலே, வா.” வேறு ஏதாவது சேர்க்கவேண்டுமா என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

தபசு காலத்தில் அவன் வந்தான். தொம்மை ரயிலடிக்குப் போகவில்லை. வீட்டில் சோறு வடித்து, மீன்குழம்பு வைத்து, இலை போட்டுக் காத்திருந்ததாகக் கேள்விப்பட்டோம். அதற்குப்பின் ஏழு கிறிஸ்மஸ் ஆகப்போகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் டின் தைக்க நான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தேன். நான் செய்த தப்பு என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் விடமாட்டார். நான் இந்த வருஷம் முடியாது, வீட்டில் வேலையிருக்கிறது என்று இழுத்தால், “சரி தம்பி, சுக்கான் வீடு எதுன்னாவது சொல்லிட்டுப் போ” என்பார். ஊசியை எடுத்துக்கொள்வேன். இதற்கிடையில் அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்தது, கண்ணில் புரை விழுந்தது. டின்களின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

அடக்கத்தன்று தொம்மை மகன் சேவியர் வந்திருந்தான். இப்போது பட்டாளத்தில் நாயக் ஆகிவிட்டான், லீவில் ஊரில் இருந்தான். தொம்மை கல்லறைக்குழியின் ஓரத்தில் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் மண் போட்டு முடித்ததும் நான் சேவியரைத் தனியே அழைத்தேன். இனியும் மறைத்தால் எனக்கு உறக்கம் வராது. “எழுபத்தொண்ணுல ஒனக்கு வந்த லெட்டர் ஒங்கப்பா எழுதுனதில்லப்பா. நான்தான் மாத்தி வச்சுட்டேன்” என்றேன்.

“தெரியும் சார்” என்றான் அவன்.

எப்படி என்று கேட்டேன். “எங்கப்பா என்னய மவனேன்னு ஒருநாளும் கூப்பிட்டதில்ல சார், ஏலேதான். என்ன சொல்லன்னு தெரியலன்னு வேற எழுதியிருந்துச்சு. எங்கப்பாவுக்கா தெரியாது? முத வரியிலேயே வேற வீட்டு லெட்டர்னு புரிஞ்சுபோச்சு. பொறவு வந்துச்சு பாருங்க, ஏலே வான்னு. அதுதான் எங்கப்பா.”

“தெரிஞ்சுமா பதில் எழுதுன?”

“ரெண்டு நாளா அதையேதான் சார் படிச்சேன். எவனோ ஒருத்தனுக்கு அவன் அப்பா எழுதியிருக்காரு. எங்கப்பா எழுதமாட்டாருன்னு நானே எதுக்கு முடிவு பண்ணணும்னு தோணுச்சு. எழுத எனக்கும் ஒரு சாக்கு வேணும்லா? கெடச்சத விடல. இத லீவுல வந்தன்னைக்கே மாமிகிட்டச் சொல்லிட்டேன்.”

“அக்காவுக்குத் தெரியுமா? அப்பமே தெரியுமா?”

“தெரியும் சார். ஒங்ககிட்டயும் வந்து சொல்லுதேன்னேன். வேண்டாம்னாக.” ஏன் என்று கேட்டேன். “‘நாசரேத்துத் தம்பி தப்புப் பண்ணிட்டோம்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்ல, அப்பத்தான் வருசா வருசம் டின்னு தைக்க வருவான்’னு சொன்னாக சார்.”

ஏழு வருஷம்! கல்லறைத் தோட்டம் என்றும் பார்க்காமல் நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. பாதிரியார் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அக்கா, உங்கள்மேல் எனக்கு நிறையக் கோபம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன் என்று நினைத்தீர்களா? நினைத்தது சரிதான், எழுபத்திரண்டில் வந்திருக்கமாட்டேன். இந்த வாரம் ஆத்தூருக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நான் போய் வீட்டு எழுத்து வாங்கி வந்தேன். சொன்னதைச் சொன்னபடி எழுதினேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை. தெரியாத பட்டப்பெயரையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாளை நாலு மணிக்குத் தபால் கட்டுகிறோம், ஒரு டின் பாக்கியில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள், அக்கா. இந்தத் தடவை ஒரு தப்பும் செய்யாமலே வந்து தைத்தேன்.